மிளகு வரியும் பொக்கை வாய்களும்

பல்லில்லாத நாலு கிழவர்களைக் கொண்டு ஓர் அரசாங்கத்தையே பார்லிமென்டில் தோற்கடித்தவன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்பார் ஸக்கரியா ஹாஜியார். பீரங்கியால் கவிழ்த்தவன் இருக்கிறான், பணப்பெட்டியால் கவிழ்த்தவன் இருக்கிறான், சோற்றால் கவிழ்த்தவன் எவனாவது இருந்தால் கூட்டி வாருங்கள் என்பார். மாத்தளை திருகோணமலை வீதியில் நின்று அவர் இதைச் சொல்லத் தொடங்கினால், தம்புள்ளைக்குப் போகிற பஸ்கூட ஓரங்கட்டி நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். எல்கடுவ மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு அந்தக் கதை முழுவதும் மனப்பாடம். கதைக்குக் கேட்கிறவர்கள் குறைவில்லை, நம்புகிறவர்கள்தான் இல்லை. அவருடைய மனைவி நாச்சியா, "கதை நல்லாத்தான் இருக்கு. ஆறிப்போக முந்தி வந்து தின்னுங்க" என்பாள்.

ஊர் நம்பாததில் ஹாஜியாருக்குப் பெரிய கவலை கிடையாது. நம்பாதவர்கள் சிரித்தார்கள், சிரிக்கிற மனிதரை அவருக்குப் பிடிக்கும். சிரிக்காமலே நம்பாத ஒருவர் இருந்தார். அவர்தான் வஹகோட்டை நோபர்ட். அந்த ஒரு மனிதர் வாயால் "நடந்ததுதான்" என்று ஒரு சொல் வந்தால் போதும், மிச்சம் இருக்கிற ஆயுளை அல்லாஹ் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஹாஜியார் நினைத்திருந்தார். அந்தச் சொல் வராதவரை வஹகோட்டைச் சந்தியில் அவரால் பஸ்ஸை விட்டு இறங்க முடியாது.

அவர் பிறக்கும்போதே அரசியல்வாதி இல்லை. டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற கடை வைத்திருந்தார். ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் எடுத்துக் குலுக்கினால் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த மரத்தில் ஏறிய கொடி என்று சொல்லிவிடுவார். கொடிக்காரன் அன்று காலை பெண்சாதியோடு சண்டை போட்டானா என்பதையும் சொல்லிவிடுவாராம், இதற்கு அவரே சாட்சி. கடையிலிருந்து மாநகர சபைக்குப் போனார், அங்கிருந்து மாகாண சபைக்கு. பார்லிமென்டுக்கு அவரை அனுப்பிவைத்தது நோபர்ட். வஹகோட்டை மிளகுச் செய்கையாளர் சங்கத்தின் தலைவர் நோபர்ட், அன்றும் அவர்தான், இன்றும் அவர்தான். ஹாஜியாரை வீடு வீடாகக் கூட்டிப்போய், "இவரு ஓதுறது வேற, நாம ஓதுறது வேற. மிளகுக்குத் தும்முறது மட்டும் ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான்" என்றார். அந்த ஒரு வசனத்துக்கே விருப்பு வாக்குகள் மூட்டை மூட்டையாக விழுந்தன.

பார்லிமென்டில் ஹாஜியாருக்கு அரசாங்கப் பக்கத்துக் கடைசி வரிசையில் ஓர் ஆசனம் கிடைத்தது. அங்கிருந்து சபாநாயகரைப் பார்க்கிறதற்குப் பிறை பார்க்கிற கண் வேண்டும். பேசக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் பாதி ஜனாதிபதிக்கு நன்றி, மீதியில் பாதி அமைச்சருக்கு நன்றி, அதற்குப் பிறகுதான் மாத்தளை பஸ் நிலையத்துக் கழிவறை. எத்தனையோ முறை முயன்றும், கழிவறையை எட்டுமுன் மணி அடித்துவிடும்.

அப்படியிருக்கும்போதுதான் மிளகு வரி வந்தது. வெளிநாட்டு மிளகுக்குத் துறைமுகத்தில் விதித்திருந்த வரியைப் பாதியாகக் குறைக்கிற கட்டளை ஒன்றை அரசாங்கம் சபையில் வைத்தது. சபை ஆமென்றால் அடுத்த கப்பலிலேயே மலிந்த மிளகு வந்து இறங்கும். அதை நம் மிளகோடு கலந்து, சாக்கில் இலங்கையின் பேரை அடித்து மறுபடி கப்பலேற்றச் சில பெரிய மனிதர்கள் ஊசியும் நூலுமாகக் காத்திருந்தார்கள். காலை முழுவதும் விவாதம் நடந்தது. "விவசாயியின் வயிற்றில் அடிக்கிறீர்கள்" என்றது எதிர்க்கட்சி. "நீங்கள் ஆண்டபோது அடித்ததைவிட மெதுவாகத்தான் அடிக்கிறோம்" என்றது அரசாங்கம். ஒருவர் தேங்காய் எண்ணெயைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு கார் பெர்மிட்டைப் பற்றிப் பேசினார். மிளகுக் கொடியை வாழ்நாளில் கண்ணால் கண்டவர் அந்த மண்டபத்தில் ஹாஜியார் ஒருவர்தான்.

முதல் நாளே பிரதம கொறடா அவரைக் கூப்பிட்டு, மாத்தளை எம்.பி. ஆதரித்துப் பேசினால் நல்லது என்று சொல்லியிருந்தார். யாருக்கு நல்லது என்று அவர் சொல்லவில்லை. ஹாஜியாரும் கேட்கவில்லை. எழும்பி நின்று, இந்த வரிக்குறைப்பு நாட்டு மக்களுக்குக் கிடைத்த வரப்பிரசாதம் என்று கணீரென்று பேசினார். வஹகோட்டையில் டீவிக்கு முன்னால் இருந்த நோபர்ட் டீவியை அணைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி எறிந்தார்.

டீவியில் வராததுதான் ஹாஜியாரின் கதை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கிழமை அது. பார்லிமென்டுக்குப் பக்கத்து மாதிவெலயில், எம்.பி.மாருக்குக் கொடுக்கிற வீட்டில் அன்று பகல் ஹாஜியார் விருந்து வைத்திருந்தார். அரசாங்கப் பக்கத்தில் சாப்பாட்டுக்கு வாயூறுகிறவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியும், எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்திருந்தார். கதிரை, மேசை கிடையாது. பாய் விரித்து, சஹன் வைத்தார். சஹன் என்றால் ஒரு பெரிய தாம்பாளம் நிறையச் சோறு, சுற்றிவர ஆறு பேர், ஒரே சோற்றில் ஆறு வலது கை. அதில் வயதில் மூத்தவர் கையை எடுக்குமட்டும் மற்றவர்கள் எழும்புவது மரியாதையில்லை. எழும்பினால் உன்னோடு சேர்ந்து தின்ன எனக்கு மனமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னமாதிரி.

ஒவ்வொரு சஹனுக்கும் ஒரு கிழவரை இருத்தினார் ஹாஜியார். மாத்தளையிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்த அப்பாமார் அவர்கள், ஊருக்கே பாட்டன்மார். நாலு பேருக்கும் சேர்த்து வாயில் ஒன்றரைப் பல். அதில் அபூசாலி அப்பா ஒரு கவளத்தை மெல்லத் தொடங்கினால், அதை விழுங்குவதற்குள் மிளகுக் கொடி பூத்துக் காய்த்துப் பழுத்துவிடும்.

சபையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழும்பி வாக்கெடுப்புக் கேட்டார். முதல் நாள் அவர் காதில் ஊதியது தான்தான் என்று ஹாஜியார் சொல்லுவார். ஆனால் அந்த மனிதர் மௌத்தாகிவிட்டார், கேட்டுப் பார்க்க வழியில்லை. அங்கே மணி அடிக்க, மாதிவெலயில் இருந்த போன்களெல்லாம் ஒன்றாக அடித்தன. இடது கையால் போனை எடுத்தவர்கள், "இதோ வருகிறோம்" என்றார்கள், வரவில்லை. வாசலில் பத்திரிகைக்காரன் கமராவோடு நின்றான். தேர்தல் தூரத்தில் இல்லை. முஸ்லிம் வீட்டுச் சோற்றைப் பாதியில் விட்டு எழும்பினான் என்று ஒரு படம் வந்தால் தாங்குமா? ஓர் அமைச்சர் குனிந்து, "ஹாஜியார், இந்தத் தாத்தாவுக்கு இன்னும் எவ்வளவு நேரம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"சேர், அவருக்கு இறைச்சின்னா உயிர்" என்றார் ஹாஜியார்.

தானும் எழும்பவில்லை. எழும்பிப் போயிருந்தால் கையை உயர்த்த வேண்டும், எந்தப் பக்கம் உயர்த்தினாலும் ஒரு பக்கம் வெட்டும். சஹனுக்கு முன்னால் அமர்ந்து, கடைசியில் வருகிற இனிப்பான வட்டலாப்பத்துக்குக் காத்திருந்தார். கட்டளை தோற்றது. மூன்று வாக்கால் என்று ஒரு நாள் சொல்லுவார், முப்பதால் என்று இன்னொரு நாள் சொல்லுவார்.

அரசாங்கம் அதே கட்டளைக்கு வேறு இலக்கம் போட்டுப் பிறகு நிறைவேற்றிக்கொண்டது. இடையில் கிடைத்த கொஞ்ச காலத்தில் மாத்தளையில் மிளகு விலை ஒரு துள்ளுத் துள்ளியது. வஹகோட்டையில் அப்போது அந்தோனியாருக்கு நவநாள் நடந்துகொண்டிருந்தது. விலை ஏறிய புண்ணியம் நேரே அந்தோனியார் கணக்கில் சேர்ந்தது. ஹாஜியார் புனிதரோடு போட்டிக்குப் போகவில்லை. வாயைத் திறந்தால் எம்.பி. பதவி போய்விடும் என்று கம்மென்று இருந்தார். பத்திரிகையில், அமைச்சருக்கு அவர் குனிந்து வட்டலாப்பம் வைக்கிற படம் வந்தது. அதை நோபர்ட் பெரிதாக்கி, "எங்கள் மிளகு விற்கப்பட்ட இடம்" என்று எழுதி வஹகோட்டைச் சந்தியில் கட்டினார். கட்சிக்கு அவர்மேல் சந்தேகம், ஊருக்கு அவர்மேல் ஆத்திரம். அடுத்த தேர்தலில் அவருக்கு விழுந்த வாக்கு அவருடைய சொந்தக் குடும்பத்துத் தலைகளைவிடக் குறைவு. போடாத தலைகள் எவை என்று நாச்சியா இன்னும் மச்சான்மாரைப் பார்க்கும்போதெல்லாம் யோசிக்கிறாள்.

பதவி போன மறுநாளே ஹாஜியார் உண்மையைச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் உண்மை கதையாகிவிட்டிருந்தது.

"நானா, ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம்" என்று, பகையிலும் அண்ணன் முறையை விடாமல், நோபர்ட் ஒரு நாள் டவுனில் மறித்துக் கேட்டார். "நீங்க அன்னைக்கு எழும்பி 'முடியாது'ன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா, தோத்தாலும் ஒங்களத் தோள்ல தூக்கியிருப்போம். அத விட்டுட்டு, மந்திரிமாரு சோத்துக்கு முன்னால எழும்ப முடியாம கெடந்தாங்கன்னு சொல்றீங்க. பெத்த தாய் செத்த வீட்டுலயே பாதியில எழும்பிப் போற சாதி அது. ஒரு கெழவன் மெண்டு முடிக்கிற வரைக்கும் ஒக்காந்திருந்தாங்களாம். சின்னப் புள்ளைக்குச் சொல்லுங்க."

"நீங்க ஒரு நாள் சஹன்ல ஒக்காந்து பாருங்க."

"எனக்கு வேணாம். நான் தட்டுல தின்னுறவன்."

வருடங்கள் போயின. ஹாஜியாரின் கடைசி மகள் நுஸ்லாவுக்கு உக்குவளையில் மாப்பிள்ளை அமைந்தது. ஆண்கள் பகையாக இருந்தாலும் நாச்சியாவும் நோபர்ட்டின் மனைவி டொறீனும் ஒருநாளும் பேச்சை விட்டதில்லை. நாச்சியா நேரே போய் அழைத்தாள், டொறீன் புருஷனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு நோபர்ட் ஒரு முஸ்லிம் வீட்டு விசேஷத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. டவுன் கல்யாண மண்டப வாசலில் அவர் நின்ற நிற்பில் அது தெரிந்தது. உக்குவளைக்காரர்கள் அவருடைய சட்டைப் பையில் தெரிந்த ஜெபமாலையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார்கள்.

"டொறீனுக்காக வந்தேன்" என்றார் நோபர்ட்.

"டொறீனுக்காகவே தின்னுட்டுப் போங்க" என்றார் ஹாஜியார்.

அந்தக் குறும்பு அந்த இடத்தில்தான் அவருக்குத் தோன்றியது. அன்று மாதிவெலக்குப் போன நாலு அப்பாமாரில் மூவர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அபூசாலி அப்பா மட்டும் எஞ்சியிருந்தார். வயது தொண்ணூறோ நூற்றைந்தோ, கேட்கிற ஆளைப் பொறுத்து அவர் சொல்லுவார். அன்றிருந்த பாதிப் பல்லும் இப்போது இல்லை. ஹாஜியார் நோபர்ட்டின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அப்பாவுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையின் மாமன்மார் இருந்த சஹனில் உட்காரவைத்தார். சொன்னால் நம்பாத மனிதன் இருந்து பார்க்கட்டும், காலில் எறும்பு ஏறட்டும், அப்பாவின் தாடையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூக்கட்டும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

நோபர்ட் ஐந்தாவது கவளம் எடுத்திருப்பார், போன் அடித்தது. வட்டலாப்பத் தட்டோடு பின்னால் நின்ற ஹாஜியாருக்குப் பேச்சு முழுவதும் கேட்டது. பேசினது சங்கத்தின் செயலாளர் ஜெயகாந்த். கச்சேரியில், அந்த அரசாங்கக் காரியாலயத்து வாசலில் நின்றுகொண்டு கத்தினான். கொழும்பிலிருந்து வரவிருந்த குழு, வியாழக்கிழமைக்குச் சொன்ன கூட்டத்தை இன்றைக்கே வைத்துவிட்டதாம். வெளிநாட்டு மிளகு வரியை இன்னும் குறைக்கப் போகிறார்களாம், செய்கையாளர் பக்கத்துச் சொல்லைக் கேட்க வந்திருக்கிறார்களாம். தலைவர் வந்தால்தான் பேச விடுவார்களாம், தன்னை வாசலுக்குள்ளேயே விடவில்லையாம். அரை மணித்தியாலத்தில் காரில் ஏறிவிடுவார்கள்.

"இப்ப வாறேன்" என்றார் நோபர்ட்.

அவர் கையைச் சோற்றிலிருந்து எடுத்தார். அதே நேரம் அபூசாலி அப்பா ஒரு நல்ல துண்டு இறைச்சியைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினார். "என்ன மகன், கைய எடுத்துட்டீங்க? உறைக்குதா?"

எதிரில் இருந்த உக்குவளை மாமன் தலைநிமிர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. "எங்கட சாப்பாடு பிடிக்கலையோ?"

"சே, அப்படியில்ல" என்றார் நோபர்ட். கை மறுபடி சோற்றுக்குள் போனது.

ஹாஜியாருக்கு வட்டலாப்பத் தட்டு கனத்தது. நோபர்ட் இப்போது எழும்பிப் போனால் வஹகோட்டை மிளகுக்காக ஒரு வாய் பேசும். ஆனால் சஹனில் இருந்து எழும்பலாம், எவனும் எழும்பலாம் என்று உலகத்துக்கே தெரிந்துவிடும், மாதிவெலக் கதை சாகுமட்டும் பொய்யாகவே கிடக்கும். நோபர்ட் எழும்பாவிட்டால் கதை நிலைக்கும், மிளகு போகும். ஒருகாலத்தில் இப்படி இரண்டு பக்கமும் வெட்டுகிற இடத்தில்தான் அவர் உட்கார்ந்துகொண்டார். அபூசாலி அப்பா ஒரு கவளத்தைச் சப்பி முடிக்கிற நேரம் இப்போதும் சும்மா நின்றார். அது சின்ன நேரமில்லை.

பிறகு குனிந்தார்.

"நோபர்ட், எழும்புங்க. வாசல்ல த்ரீவீல் நிக்குது. இவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

"ஒங்களுக்குக் கேட்டிச்சா?"

"கேட்டிச்சு. எழும்புங்கன்னா எழும்புங்க. இது நான் குடுக்குற சாப்பாடு, நான்தான் சொல்றேன்."

நோபர்ட் தலையைத் தூக்காமல் தாழ்ந்த குரலில் பேசினார். "ஒங்க மகள் கல்யாணத்துல, புது சம்பந்திமாரு முன்னால, வஹகோட்டைக்காரன் பாதிச் சோத்த விட்டு எழும்பிப் போனான்னு பேரு வரணுமா? இந்தக் காலத்துல? அந்தப் பேரு ஒங்களோட போகாது, ரெண்டு ஊருக்கும் நிக்கும். சும்மா இருங்க நானா. அப்பா முடிக்கட்டும்."

ஹாஜியார் அப்பாவின் பக்கம் போனார். "அப்பா, வட்டலாப்பம் வந்திருக்கு, கைய எடுங்களேன்."

"வெய்யி மகன். சோறு இருக்கக்குள்ள இனிப்புக்கு என்ன அவசரம்?"

"கோழிப் பொரியல் இருக்கு, மெதுவானது."

"அதயும் வெய்யி."

அந்தப் பொக்கை வாயில் இந்த நிமிடமே முப்பத்திரண்டு பல்லும் முளைக்கட்டும் என்று ஹாஜியார் அல்லாஹ்விடம் கேட்டார். பார்லிமென்டில் இருந்த காலத்தில்கூட அவர் இவ்வளவு மனதோடு எதையும் கேட்டதில்லை. அப்பா ஒரு சோற்றுப் பருக்கையைத் தாம்பாளத்தின் ஓரத்திலிருந்து தேடி எடுத்தார். உக்குவளை மாமன்மார் மிளகின் விலை என்ன, மழை எப்படி என்று நோபர்ட்டிடம் அன்பாக விசாரித்தார்கள். அவரும் பதில் சொன்னார். போன் அவருடைய தொடையருகே அடித்து அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. யாரோ பக்கத்து சஹனில் இருந்து, "முக்கியமான கோல் போல" என்றார்கள். "இல்ல, வீட்டுல இருந்து" என்றார் நோபர்ட். வீடு என்று சொல்லக்கூடிய டொறீன் திரைக்கு அந்தப் பக்கம் நாச்சியாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்பா விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பி, அல்ஹம்துலில்லாஹ் என்று கையை எடுத்தபோது வாசலில் நின்ற த்ரீவீல் வேறு ஆளை ஏற்றிக்கொண்டு ஹயருக்குப் போய்விட்டிருந்தது.

நோபர்ட் கை கழுவுகிற இடத்துக்கு ஓடவில்லை, நடந்துதான் போனார். ஹாஜியார் துவாயோடு பின்னால் போனார். போன் மறுபடி அடித்தது. ஈரக் கையாலேயே எடுத்து, ஸ்பீக்கரில் விழுந்ததைக் கவனிக்காமல் காதில் வைத்தார்.

"முடிஞ்சிச்சு அண்ணே" என்றான் ஜெயகாந்த். "செய்கையாளர் பக்கம் யாரும் வரல்ல, அப்ப எதிர்ப்பு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டாங்க. கொழும்புல இருந்து வந்த பெரியவரு சிரிச்சுக்கிட்டே போறாரு. கச்சேரிக்கும் மண்டபத்துக்கும் நடந்து வாற தூரம்தானே. எங்க இருந்தீங்க?"

"சாப்பாட்டுல."

"சாப்பாட்டுல?"

"எழும்ப முடியலடா."

ஜெயகாந்த் சிரித்தான், கசந்துபோன சிரிப்பு. "சோத்துக்கு முன்னால இருந்து எழும்ப முடியல. இத நான் ஊருக்குப் போய்ச் சொல்லவா அண்ணே? மிளகு போன நேரத்துல நம்ம தலைவரு புரியாணி தின்னுக்கிட்டு இருந்தாரு, எழும்ப முடியலையாம். எவன் நம்புவான்?"

ஹாஜியார் துவாயை நீட்டியபடியே நின்றார். இத்தனை வருடமாக அவர் கேட்கக் காத்திருந்தது பக்கத்தில் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. வராமலே போயிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

நோபர்ட் துவாயை வாங்கவில்லை. விரல் நுனிகளில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சுவரைப் பார்த்துக்கொண்டு போனில் பேசினார்.

"சிரிக்காதே ஜெயகாந்த். ஒரு கெழவன் மெண்டு முடிக்கிற வரைக்கும் மனுசன் எழும்பமாட்டான். மந்திரியும் எழும்பமாட்டான். ஸக்கரியா நானா சொல்றாரே, அந்த மாதிவெலக் கதை, அது நடந்திச்சு. நான் சொல்றேன், நடந்ததுதான்."